கிளினிக் நம்பர் 7உம் மனுசக்கூட்டத்தின்ர கடைசி நாளும்: ஆற்ற கணக்கை நம்புறது?

பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனால் வாசல்ல ஒரு நம்பர் துண்டு குடுப்பினம். போனமாசம் 7. அண்டைக்கு மொத்தம் 10 பேரோ 1000 பேரோ, ரெண்டில ஒண்டுதான் எண்டு வையுங்கோ. 1000 பேர் வாற நாளில கண்ணை மூடிக்கொண்டு எடுத்த துண்டில 7 வாறது பெரும்பாடு, 10 பேர் வாற நாளில சும்மா வரும், அப்ப 10 பேர் எண்ட பக்கம்தான் சாயவேணும். மனுசக்கூட்டம் இன்னும் எவ்வளவு காலம் இருக்கும் எண்டதுக்கு இதே கணக்கைப் பொருத்திப் பார்த்தவர் பிரண்டன் கார்ட்டர் எண்ட இயற்பியல்காரர், 1983ல. பிறகு ஜோன் லெஸ்லி எண்ட தத்துவக்காரர் அதைப் பிடிச்சு வளர்த்தார்.

இதுவரை பிறந்த மனுசர் கிட்டத்தட்ட 117 பில்லியன். பிறந்த வரிசையில உங்கட நம்பரும் எங்கட நம்பரும் அதுக்குக் கிட்டத்தான். எல்லாம் 200 பில்லியனோட முடியும் எண்டதுக்கு முதல்ல நீங்கள் 1% தான் குடுத்தனீங்கள், 200 ட்ரில்லியன் வரைக்கும் போகும் எண்டதுக்கு மிச்சம் 99%. இனி உங்கட நம்பரைப் பார்த்திட்டு பேயிஸ் விதியை, அதாவது புதுத் தகவல் வரேக்க பழைய சான்ஸைத் திருத்திற கணக்கை, போடுங்கோ, அந்த 1% எழும்பி 91% ஆகுது! குண்டு, வைரஸ், விண்கல் ஒண்டைப் பற்றியும் ஒரு வரி படிக்கேல்ல. முதல்தரம் போட்டுப் பார்க்கேக்க நான்தான் எங்கயோ சைபரை விட்டிட்டன் எண்டு நினைச்சன்.

ரெண்டாவது கணக்குக்காரர் ரிச்சர்ட் கொட் எண்ட வானியற்பியல்காரர். இவருக்குப் பிறந்த ஆக்களின்ர எண்ணிக்கை தேவையில்லை, ஒரு சாமான் எவ்வளவு காலம் இருந்திருக்கு எண்டது மட்டும் போதும். 1969ல பெர்லின் மதிலைப் பார்க்கப் போனவர், அப்ப மதிலுக்கு 8 வயசு. நான் ஏதோ ஒரு நேரத்தில வந்து நிக்கிறன், அதின்ர ஆயுளில நடுப் பாதிக்குள்ள வந்திருக்க 50% சான்ஸ், அப்ப இன்னும் 2 வருஷம் 8 மாசத்துக்கும் 24 வருஷத்துக்கும் இடையில விழும் எண்டார். 1989ல விழுந்தது. 1993ல அதே கணக்கை மனுசருக்கும் போட்டார்: 2 இலட்சம் வருஷமா இருக்கிறம், 95% நிச்சயத்தோட இன்னும் 5,100 வருஷத்துக்குக் குறையாது, 78 இலட்சத்துக்குக் கூடாது.

எங்கட மச்சான் கொட் கட்சி. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்கு 400 வயசு, அப்ப 50% கணக்கில இன்னும் 133 தொடக்கம் 1200 வருஷம் எண்டு கோட்டை வாசல்ல மானுக்கு நடுவில நிண்டுகொண்டே சொல்லுவான். சரி, கோட்டைக்கு ஓகே. ஆனா பக்கத்தில டச் பே கடற்கரையில ஆரும் கரைவலை இழுக்கிற நேரம் போய் நிண்டு பாருங்கோ. அரை மணித்தியாலமா இழுக்கினம், அப்ப இன்னும் பத்து நிமிசமோ ஒண்டரை மணித்தியாலமோ எண்டு கொட் சொல்லுவார். வலைக்காரச் சம்மாட்டி அப்பிடிச் சொல்லமாட்டார், வலையின்ர மடி எங்க மிதக்குது, கயிறு எவ்வளவு கரையில சுருண்டு கிடக்கு எண்டு பார்த்திட்டு "இந்தா வந்திட்டுது" எண்டுவார். ஒண்டுமே தெரியாத ஆளுக்குத்தான் கொட். 2004 டிசம்பரில கடல் உள்ளுக்குப் போகேக்க, இத்தனை காலமும் இருந்த இடத்தில இருந்த கடல்தானே எண்டு ஆரும் கணக்குப் போட்டுக்கொண்டு நிண்டிருந்தால்?

அதனாலதான் எனக்கு மூண்டாவது வழி பிடிக்கும், சம்மாட்டி வழி. டோபி ஓர்ட் எண்ட தத்துவக்காரர் 2020ல ஒவ்வொரு ஆபத்தா எடுத்து, அடுத்த 100 வருஷத்தில அதால மனுசக்கூட்டம் அழிய, இல்லாட்டி இனி எழும்பேலாமல் விழ, எவ்வளவு சான்ஸ் எண்டு போட்டார். விண்கல் 10 இலட்சத்தில 1, அணுயுத்தம் 1000ல 1, ஆக்கள் செய்து விடுற கிருமி 30ல 1, சொல்லுக்கேளாத ஏஐ 10ல 1, எல்லாம் சேர்ந்து 6ல 1. இந்த நம்பருகள் அவற்ற மதிப்பீடுதான், அளந்தெடுத்தது இல்லை, அதை அவரே சொல்லுறார். ஆனா எங்க பிழை எண்டு விரல் வைச்சுச் சண்டை பிடிக்கலாம், விண்கல் எண்டால் வானத்தைப் பார்த்துத் திருத்தலாம். கார்ட்டரிட்ட திருத்த என்ன இருக்கு?

கார்ட்டருக்கு வழக்கமான மறுப்பு ஒண்டும் இருக்கு. நீங்கள் பிறந்ததே ஒரு தகவல், கன ஆக்கள் பிறக்கிற உலகத்திலதான் நீங்களும் பிறக்கச் சான்ஸ் கூட, அதை 1000 மடங்காப் பெருக்கினால் 91% திரும்பி 1% க்கே வந்து நிக்கும். பார்க்க வடிவான வெட்டு. நிக் பொஸ்ட்ரம் எண்ட தத்துவக்காரர் இதிலயும் ஓட்டை கண்டார்: அப்பிடியெண்டால் கன ஆக்கள் இருக்கிற எந்த அண்டக் கோட்பாடும் சோதனையே இல்லாமல் வெண்டிடும், இதென்ன நியாயம்.

என்ர மறுப்பு வேற. பெரியம்மாக்கு 7 கிடைச்சது குலுக்கலில இல்லை, விடிய நாலரைக்கு எழும்பி முதல் பஸ்ஸில போனதால. ஆயிரம் பேர் வந்தாலும் அவவுக்கு 7 தான். நாங்களும் எல்லாக் காலத்து மனுசரையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டுக் கலக்கி எடுத்த துண்டில்லையே.

இதை மச்சானிட்டச் சொன்னன். சிரிச்சிட்டு, "சரி, ஆனா துண்டு கிடைச்ச ஒவ்வொருத்தரும் 'நான் முதல் 5% க்குள்ள இல்லை' எண்டு பந்தயம் கட்டினால் நூறில 95 பேர் வெல்லுவினம், நீ மட்டும் எந்த நியாயத்தில மற்ற அஞ்சு பேரோட போய் நிக்கிறாய்?" எண்டு கேட்டான். லெஸ்லியும் உப்பிடித்தான் கேட்டவர். பிளேன்டீ ஆறிப்போச்சு, இன்னும் யோசிக்கிறன்.