கப்பா, பீங்கான் தட்டா, சுடுமண்ணா? மடுக் கோயில் நினைவுப் பொருளில் எதை வாங்கலாம்

இலங்கையின் மன்னார் மாவட்டத்திலுள்ள மடு மாதா கோயில் திருவிழா நினைவாகக் கோயில் உருவம் தாங்கிய பொருள் ஒன்றை வாங்கி, பேரப்பிள்ளை காலம் வரை வைத்திருக்க நினைப்பவருக்கு மூன்று தெரிவுகள்: படம் அச்சிட்ட கப், பீங்கான் தட்டு, உருவம் மேலெழும்பி நிற்கும் சுடுமண் புடைப்புப் பலகை.

கப்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதன் சாயம் பீங்கானில் ஊறியதல்ல. மேலே பூசிய பொலியெஸ்டர் படையில் 200 பாகை செல்சியஸ் அளவுச் சூட்டில் ஏற்றியது. யன்னல் வெயிலில் வெளிறும், தும்பு போட்டுத் தேய்த்தால் கீறும்.

தட்டு அப்படியல்ல. படம் அச்சிட்ட தாளை ஒட்டி 800 பாகை அளவில் மறுபடி சுடுவதால் நிறம், பீங்கானின் கண்ணாடி போன்ற மேற்படையான மினுக்கோடு உருகிச் சேர்ந்துவிடும். பழைய புகைப்படத்தை அப்படியே ஏற்றலாம் என்பதுதான் இதன் பெரும் பலம். போரில் முகப்பை இழந்து வேறு வடிவில் எழும்பிய ஊர்க்கோயில் என்றால், யோசிக்காமல் தட்டையே எடுங்கள். அந்தப் பழைய முகத்தைச் சனம் இனி வேறெங்கே பார்க்கும்?

ஆனால் மடுவுக்கு என் தெரிவு சுடுமண்தான். 1670இல் ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்குத் தப்பி, மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தன. 2008 சித்திரையில் போரின்போது அதே சுரூபம் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டி என்ற ஊருக்குப் போனது. பாம்புக்கடிக்கு மருந்தென்று மடு மண்ணை முடிந்து கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த இடத்தை நினைக்க மண்ணை விடப் பொருத்தமானது எது? குளத்துக் களியில் முகப்பைப் புடைப்பாக எடுத்துச் சுட்டால், நிறம் போனாலும் வடிவம் நிற்கும்; கண் மங்கிய அம்மம்மாவும் விரலால் தடவிக் கோயிலை அறிவார்.

குறையும் உண்டு. சுடுமண் ஈரம் குடிக்கும். மாரியில் ஈரச் சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் உப்புப் பூத்து மேற்பரப்பு உதிரும். சின்னக் கட்டை ஒன்றை இடையில் வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். நுணுக்கமான சாளர வேலைப்பாடும் இதில் தட்டளவுக்குத் துலங்காது.

விலை பேசுமுன் சுண்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது. மொத்தென்றால் சூடு போதவில்லை, அல்லது வெடிப்பு இருக்கிறது. பின்புறத்தில் ஊர்ப்பெயரும் ஆண்டும் வேண்டும்: மாதாவுக்கு முடிசூட்டிய 1924, கோயில் அபிஷேகமான 1944, பாப்பரசர் பிரான்சிஸ் வந்த 2015 என எதன் நினைவோ அது. மையால் எழுதியிருந்தால், செய்தவரிடம் அடுத்த சூளைக்கு ஈர மண்ணிலேயே கீறித் தரச் சொல்லுங்கள்.