பின்னால் ஒரு பெட்டி: டிராக்டர் டிரெய்லருடன் ஏழு ஆண்டுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தாழக்குடிப் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் நெல்வயல் இருக்கிறது. தடிக்காரன்கோணத்துக்கு மேலே ஒரு வாழைத் தோட்டமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே ஓடுவதற்காக 2018இல் 45 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றும், அதன் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லரும் வாங்கினேன். டிராக்டரைப் பற்றிச் சொல்வதற்கு எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஏதாவது இருக்கிறது. எண்ணெய் எவ்வளவு குடிக்கிறது, சேற்றில் எப்படி இழுக்கிறது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். "பெட்டிதானே" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். முதல் பதினான்கு மாதங்கள் நான் பட்ட பாடு முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

முதல் பெட்டியை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னேன். கனமான சட்டம், பழைய லாரியின் அச்சு, நல்ல தகடு. வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் பட்டறைக்காரர் கையால் எழுதிய ஒரு ரசீதைத் தவிர வேறு எந்தத் தாளும் தரவில்லை. "வயலுக்குள் ஓடுகிற பெட்டிக்கு எதற்கு நம்பர்?" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்கான விளக்கத்துக்குள்ளேயே டிரெய்லரும் அடங்கும், என்ஜின் இல்லாத அந்த இரும்புப் பெட்டிக்கும் தனியாகப் பதிவு வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

தெரியாது என்று சொன்னாலும், மனத்துக்குள் ஏதோ சரியில்லை என்ற உறுத்தல் இருந்தது. திட்டுவிளை முக்கில் காக்கிச் சட்டை தெரிந்தால் வயிறு பிசையும். அதனால் வழியை மாற்றினேன். வாழைக்குலை ஏற்றிய நாட்களில் தார்ச்சாலையை விட்டுவிட்டு சானல் (பாசனக் கால்வாய்) கரை வழியாகச் சுற்றி வருவேன். கரையின் அகலம் பெட்டியின் அகலத்தைவிட இரண்டு முழம் கூடுதலாக இருந்தால் அதிகம். 2019 ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, பெட்டியின் இடது சக்கரம் கரை மண்ணை அரித்துக்கொண்டு இறங்கியது. டிராக்டர் நின்ற இடத்திலேயே நின்றது. பெட்டி மட்டும் மெல்ல, ஒரு மாடு படுப்பதுபோலச் சாய்ந்தது. அடியில் இருந்த மட்டி வாழைக்குலைகள் நசுங்கி, பால் வடிந்து, கறையோடு சானல் தண்ணீரில் சொட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது. பக்கத்து வயல்காரர்கள் ஆறு பேர் வந்து குலைகளை ஒவ்வொன்றாகத் தோளில் இறக்கி, கயிறு கட்டி இழுத்துப் பெட்டியை நிமிர்த்தினார்கள். தண்ணீருக்குள் சாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. சோதனைக்குப் பயந்து நான் தேர்ந்தெடுத்த வழி, சோதனையைவிடப் பல மடங்கு ஆபத்தானதாக இருந்தது.

அடுத்த மாதமே பூதப்பாண்டிக்கு இந்தப் பக்கம் மடக்கினார்கள். உதவி ஆய்வாளர் என்னிடம் உரிமம்கூடக் கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய், குனிந்து, பின்பலகையில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "அண்ணாச்சி, டிராக்டருக்கு ஆர்.சி. இருக்கிறது. பெட்டிக்கு எங்கே?" என்றார். பதில் இல்லை. பதிவு செய்யாத வாகனத்தை ஓட்டினால் 192ஆம் பிரிவின்படி முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம், மறுமுறை 10,000 ரூபாய் வரையோ சிறையோ என்று அவர்தான் பொறுமையாகச் சொன்னார். அபராதம் கட்டினேன். பெட்டியைப் பதிவு செய்துவிடலாம் என்று அலைந்தபோதுதான் அடுத்த அடி விழுந்தது. தயாரிப்பாளர் கொடுக்கும் தகுதிச் சான்று (படிவம் 22), விற்பனைச் சான்று (படிவம் 21), பெட்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் எதுவும் இல்லாமல் பதிவு விண்ணப்பத்தை (படிவம் 20) வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பெட்டி இன்று என் களத்தில் எரு போட்டு வைக்கும் தொட்டியாக நிற்கிறது.

இரண்டாவது பெட்டியை அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கினேன். விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. பட்டறைப் பெட்டியைவிட நாற்பதாயிரம் அதிகம். புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: முன்பணம் கொடுப்பதற்கு முன் படிவம் 22ஐக் கண்ணால் பாருங்கள், அதில் உள்ள எண்ணைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்த எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். எனக்கு முதலில் வந்த தாளில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. அதைத் திருத்தி வாங்க மூன்று வாரம் ஆனது.

நம்பர் எழுதுவதில் எங்கள் மாவட்டத்தில் பலர் தவறு செய்கிறார்கள். சட்டத்தின் 61ஆம் பிரிவு சொல்வது இது: டிரெய்லரின் பதிவு எண் டிரெய்லரின் பக்கவாட்டில் தெரிய வேண்டும், இழுக்கும் வண்டியின் எண் டிரெய்லரின் மேல் தெரிய வேண்டும். பின்னால் வருகிறவருக்கு டிராக்டரின் எண்பலகை தெரியாது, பெட்டி மறைத்துவிடும். யாரையாவது இடித்துவிட்டு ஓடினால் அடையாளம் காணவே இந்த ஏற்பாடு என்று புரிந்தபிறகு அது தொல்லையாகத் தோன்றவில்லை. பின்பலகையில் இரண்டு எண்களையும் பெரிதாக எழுதிவைத்தேன். இரண்டுமே டி.என். 74 என்று தொடங்குவதால், எது டிராக்டர் எது பெட்டி என்பதையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன்.

காப்பீட்டில் ஒரு விஷயம். டிராக்டருக்குக் காப்பீடு இருந்தால் பெட்டிக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. பாலிசித் தாளில் பெட்டியின் எண் தனியாக ஏறியிருக்க வேண்டும். காப்பீடு இல்லாத வண்டிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். அது போகட்டும். விபத்து நடந்து ஒருவர் உயிர் போனால், இழப்பீட்டுக்கு நம் வயலைத்தான் விற்க வேண்டியிருக்கும். அதோடு, விவசாயப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு ஆரல்வாய்மொழிச் சூளையிலிருந்து வாடகைக்குச் செங்கல் அடித்தால் அந்தப் பாலிசியை நம்ப முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி விவசாய டிராக்டர் போக்குவரத்து வாகனம் ஆகாது. கூலிக்குச் சரக்கு ஏற்றுவதென்றால் பதிவு, வரி, காப்பீடு எல்லாமே வேறு. எனக்கு வாடகை கேட்டு ஆள் வராத மாதம் இல்லை. ஒரு நடைகூடப் போனதில்லை.

உரிமத்தைப் பற்றி ஒருமுறை நீண்ட விவாதம் நடந்தது. பெட்டி மாட்டியதால் கனரக உரிமம் வேண்டும் என்று ஓர் அதிகாரி பிடிவாதமாக நின்றார். டிராக்டர் ஓட்ட உரிமம் உள்ளவர், பின்னால் டிரெய்லர் மாட்டிய காரணத்தாலேயே தகுதி இழப்பதில்லை என்று 2001இல் நாகஷெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் நகல் என் பையில் இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு விட்டார், ஆனால் அரைமணி நேரம் போனது. குலைகள் வெயிலில் வாடின. அன்றிலிருந்து எல்லாத் தாள்களையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கைப்பேசியில் டிஜிலாக்கரில் காட்டினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதிதான். கீரிப்பாறைப் பக்கம் சிக்னல் கிடைக்காதபோது விதி எங்கே உதவும்?

வண்டல் மண் விஷயத்தில்தான் உண்மையாகவே பயப்பட வேண்டும். குளத்து மண்ணை வயலுக்கு அடிப்பது எங்கள் பாட்டா காலத்து வழக்கம். இன்று அனுமதி இல்லாமல் ஒரு பெட்டி மண் ஏற்றினாலும் அது கனிமக் கடத்தல் என்ற கணக்கில் போய்விடும். 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வண்டியையே பறிமுதல் செய்ய இடம் இருக்கிறது. அபராதம் கட்டி அன்றே வீட்டுக்கு ஓட்டி வருகிற கதை இல்லை அது. 2024இல் விதி எளிதாகி, விவசாயத்துக்கான வண்டல் மண்ணுக்கு வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்றானது. அனுமதியில் எந்தக் குளம், எந்த சர்வே எண், எத்தனை கன மீட்டர் என்று இருக்கும். அந்தத் தாள் கையில் வராமல் மண்வெட்டியைக்கூட எடுக்க வேண்டாம்.

இனி ஓட்டுவதைப் பற்றி. பாரம் ஏற்றுவதைக் கற்றுக்கொடுத்தவர் மாட்டுவண்டி ஓட்டிய ஒரு பெரியவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் பாட்டா. "பின்பாரம் வைக்காதே மக்களே, வண்டி வானத்தைப் பார்க்கும்" என்றார். இரண்டு சக்கரப் பெட்டியில் பாரம் அச்சுக்குப் பின்னால் கூடினால், முன்முனை மேலே எழும்பி டிராக்டரின் பின்சக்கரங்களைத் தூக்கப் பார்க்கும், பிடிமானம் போய்விடும். முன்பாரம் கூடினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. அச்சுக்குச் சற்றே முன்னால் பாரம் இருக்க வேண்டும். குலைகளை நிறுத்தி அடுக்கும்போது இதைக் கணக்கில் வைத்து நடுவிலிருந்து தொடங்குகிறேன்.

கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் அறுவடை முடிந்து வைக்கோல் ஏற்றும் மாதங்களில் காற்றுதான் எதிரி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று எப்படி வீசும் என்பது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வைக்கோல் எடையில் குறைவு, உருவத்தில் பெரிது. பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் பிதுங்க ஏற்றினால் தோவாளையைத் தாண்டியதும் காற்று அதைப் பாய்மரம்போலப் பிடித்துத் தள்ளும். பெட்டி பாம்புபோல நெளியும். எதிரே பஸ் வரும். பக்கவாட்டில் பிதுங்கும் பாரத்துக்கு 2019 திருத்தம் 20,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அளவுக்கு மீறிய எடைக்கும் 20,000, மேலே ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு பெட்டி வைக்கோலின் லாபத்தோடு ஒப்பிட்டால் அது மலை. நான் இப்போது பெட்டியின் பக்கப் பலகையைத் தாண்டாமல் ஏற்றி, இரண்டு நடையை மூன்றாக்கிக்கொள்கிறேன். டீசல் செலவு கூடுகிறது, ஏற்றுக்கொண்டேன்.

ஆட்களை ஏற்றுவதில்லை. நடவுக்கு வரும் பெண்கள் முதல் வருடம் கோபித்துக்கொண்டார்கள். "பெட்டி காலியாகத்தானே போகிறது அண்ணே" என்றார்கள். 2022 அக்டோபர் 1ஆம் தேதி கான்பூர் மாவட்டத்தில், கோயிலுக்குப் போய்த் திரும்பிய டிராக்டர் பெட்டி ஒன்று குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அந்தச் செய்தித்தாளை அவர்களிடமே காட்டினேன். இப்போது ஆட்டோவுக்குப் பணம் கொடுத்துவிடுகிறேன்.

இரவில் பின்விளக்கு எரிகிறதா என்பதை ஓட்டுகிறவரால் பார்க்க முடியாது. ஒருமுறை தோவாளைக்கு அருகில் இருட்டிய நேரத்தில் டயர் பஞ்சராகி ஓரமாக நின்றிருந்தோம். எலி கடித்து ஒயர் அறுந்திருந்ததால் பின்விளக்கு எரியவில்லை. ஒரு இரண்டு சக்கர வாகனம், பின்னால் ஒரு பையனோடு, பெட்டியின் பின்பலகைக்கு ஒரு கை தூரத்தில் கிறீச்சென்று நின்றது. ஓட்டி வந்தவர் என்னைத் திட்டவில்லை. பையனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த வாரமே பின்பக்கம் முழுக்கச் சிவப்பு ஒளிரும் பட்டை ஒட்டினேன். ஒயரை இரும்புக் குழாய்க்குள் விட்டேன். பட்டையின் மேல் சேறு படிந்தால் அது இருந்தும் இல்லாததுபோலத்தான். வயலை விட்டுச் சாலையில் ஏறுவதற்கு முன் ஈரச் சாக்கால் துடைப்பது இப்போது என் மகனின் வேலை. விளக்குகளைப் போட்டுப் போட்டுக் காட்டி, அவன் பின்னால் நின்று "சரி" என்று சொன்னபிறகே கிளம்புகிறோம்.

பராமரிப்பில் பெரிய செலவில்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் அடித்தகடு நான்காம் ஆண்டில் அரித்தது, மாற்றினேன். 7.50-16 டயர்கள் ஒரு ஜோடி மாற்றியாகிவிட்டது. சக்கர பேரிங்குக்கு ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் கிரீஸ் வைக்கிறேன். இணைப்பு ஊசிக்குப் பூட்டுக் கொண்டியும், துணையாக ஒரு சங்கிலியும் கட்டாயம்.

போன கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடையில் நான்கு முறை நிறுத்தினார்கள். ஒருமுறைகூட ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. சானல் கரைப் பக்கம் பெட்டியோடு போய் ஐந்தாறு வருடம் ஆகிறது.

இந்தப் பெட்டியில் எனக்குத் தீராத குறை ஒன்று உண்டு: பிரேக் இல்லை. தடிக்காரன்கோணம் இறக்கத்தில் மூன்று டன் பாரம் பின்னாலிருந்து தள்ளும்போது நிறுத்துவதற்கு இருப்பது டிராக்டரின் பின்சக்கர பிரேக் மட்டும். கியரை முதலிலேயே குறைத்து, கிளட்சைத் தொடாமல் இறங்குகிறேன். ஆனால் மழை நாளில் அது போதாது என்பதை என் உள்ளங்கால் சொல்கிறது. டிராக்டரின் ஹைட்ராலிக்கோடு இணைக்கும் பிரேக் பொருத்த, பெட்டியைத் தயாரித்தவர்களிடமே கேட்டிருக்கிறேன். பதிவுத் தாளில் மாற்றம் தேவையா என்பதையும் எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறேன். ஆடிக் காற்று தொடங்குவதற்கு முன் மாட்டிவிட்டால், கன்னிப்பூ அறுவடைக்குப் பிறகு அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதுகிறேன்.