பழைய டர்போ பாஸ்கல், புது லேப்டாப்: நான் ஏன் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் நின்றேன்

பினாங்கில் நம்மவர்கள் கடைத்தெரு என்று சொல்லும் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கம் என் மாமாவுக்கு ஒரு நகைப் பட்டறை. 1993இல், டாஸ் என்ற பழைய இயங்குதளத்துக்காக, டர்போ பாஸ்கல் 7.0 என்ற நிரல் எழுதும் மென்பொருளில் அவரே எழுதிய நிரலில்தான் இன்றும் தங்க எடைக் கணக்கு ஓடுகிறது. பழைய கணினி படுத்துவிட்டதால் புது லேப்டாப் வாங்கினோம். அதில் விண்டோஸ் 11. 64 பிட் மட்டும்தான், டாஸ் காலத்து 16 பிட் நிரலைத் திறக்கவே திறக்காது. அதை ஓட வைக்க மூன்று வழிகளைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் ஃப்ரீ பாஸ்கல், அதே பாஸ்கல் மொழிக்கான இன்றைய கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி). டர்போ பாஸ்கல் மோடில் வைத்தால் பெரும்பாலான வரிகள் அப்படியே கம்பைல் ஆகின்றன. புதிதாக எழுதுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். எங்களுக்கு இடறியது பழைய தரவுக் கோப்பு. தசம எண்ணை வைக்கும் ‘ரியல்’ வகை டர்போ பாஸ்கலில் 6 பைட், இங்கே 8 பைட். முதல் பதிவிலேயே எடை தாறுமாறாக வந்தது, அடுத்த பதிவுகள் எல்லாம் இடம் மாறி நின்றன. பழைய 6 பைட்டுக்கு ரியல்48 என்று ஒரு வகை இருக்கிறது, மாற்றி எழுதிவிடலாம். ஆனால் 30 ஆண்டுக் கணக்கில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) ஃப்ரீடாஸ் 1.3, அதாவது டாஸின் இலவச வடிவம். நிரலைத் தட்டியதும் ‘ரன்டைம் எரர் 200’. திரையையும் நேரத் தாமதத்தையும் கவனிக்கும் டர்போ பாஸ்கலின் சிஆர்டி யூனிட், தொடக்கத்திலேயே 55 மில்லி வினாடி நேரம் ஒரு சுழற்சியை ஓட்டி, எத்தனை முறை சுற்றியது என்று எண்ணி, அதை 55ஆல் வகுக்கும். இன்றைய வேகத்தில் விடை 16 பிட்டுக்குள் அடங்காது, நிரல் விழுந்துவிடும். திருத்திய யூனிட்டோடு மறுபடி கம்பைல் செய்ததில் சரியாகிவிட்டது.

சரியாகாதது கோப்பை வெளியே எடுக்கும் வேலை. விண்டோஸோடு ஃபோல்டரைப் பகிரும் வசதியை டாஸுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் தன்னோடு தருவதில்லை. கணக்கு முழுக்க ஒரு வட்டுப் படிமத்துக்குள் (முழு ஹார்ட் டிஸ்க்கையே ஒரே கோப்பாக்கிய வடிவம்) பூட்டிக் கிடக்கும். பென்டிரைவில் ஒரு பிரதி வேண்டுமா? மெஷினை நிறுத்தி, படிமத்தை விண்டோஸில் மவுண்ட் செய்து, காப்பி எடுத்து, திரும்பக் கழற்ற வேண்டும். கடை சாத்தும் நேரத்தில் 70 வயதுக்காரர் தினமும் இதைச் செய்வாரா? இரண்டு நாள் விட்டுப்போனால் இரண்டு நாள் கணக்கு ஆபத்தில். நான் இதை இரண்டு வாரம்தான் ஓட்டினேன். நாள்பட்ட பழக்கம் உள்ளவர்களுக்கு வேறு வழி கைவசம் இருக்கலாம்.

மூன்றாவது டாஸ்பாக்ஸ்-எக்ஸ், விண்டோஸுக்குள்ளேயே பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் மென்பொருள். இதில் இந்தத் தொல்லையே இல்லை. லேப்டாப்பின் ‘பட்டறை’ ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்யும் ஒரு வரியை கான்ஃபிக் கோப்பில் எழுதிவிட்டேன். உள்ளே டாஸ் பார்ப்பதும் வெளியே விண்டோஸ் பார்ப்பதும் ஒரே கோப்பு. மூல நிரலை எனக்குப் பழகிய எடிட்டரிலேயே திருத்துகிறேன். அந்தப் போலிக் கணினியின் வேகத்தைக் குறிக்கும் சைக்கிள்ஸை 3000இல் நிறுத்தியதால் எரர் 200 தலைகாட்டவில்லை. கோப்புப் பெயர் 8 எழுத்துக்குள் இருக்க வேண்டும், வெளியே மாற்றியது உள்ளே தெரியாவிட்டால் ரீஸ்கேன் கட்டளை. நிரல் திறந்திருக்கும்போது மட்டும் காப்பி எடுக்கக் கூடாது.

ரசீது அச்சில் இன்னும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. பிரிண்டருக்குப் போவதை டெக்ஸ்ட் கோப்பாகப் பிடித்து நோட்பேடிலிருந்து அச்சடிக்கிறோம்.

நேற்று மாலை மாமா எண்ட்ரி போட்டு முடித்தார், நிரலை மூடினார், ‘பட்டறை’யை மவுஸால் இழுத்துப் பென்டிரைவில் போட்டார். என்னைக் கூப்பிடவில்லை.