உமிச்சாம்பல் கலந்த சீமெந்துக் கல்: வாங்கலாம், ஆனால் அரிந்த திகதியைக் கேளுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் அறை பிரிக்கும் சுவருக்காக, வத்தளைப் பக்கத்தில் கல் அரியும் சிறிய தொழிலகம் ஒன்றில் உமிச்சாம்பல் கலந்த நான்கு அங்குலக் கற்களை வாங்கினோம். சீமெந்தில் 15 வீதத்தைக் குறைத்து, அதற்கு ஈடாகப் பொலன்னறுவை அரிசி ஆலைச் சாம்பலைச் சேர்ப்பதாக உரிமையாளர் விளக்கினார்.

நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். அதை எரித்தால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. சீமெந்து நீருடன் சேர்ந்து இறுகும்போது வெளிப்படும் சுண்ணாம்புடன் இது மெல்ல வினைபுரிந்து, கல்லுக்கு வலுவூட்டும் பிணைப்பை மேலும் உண்டாக்குகிறது. எல்லாச் சாம்பலுக்கும் இந்தத் திறன் இருப்பதில்லை. ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் எரிந்து, மாவாக அரைபட்டிருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகிச் செயலிழக்கும், அரைகுறையாக எரிந்தால் கரி தங்கிக் கலவைக்குக் கூடுதல் தண்ணீர் தேவைப்படும்.

ஆகவே முதல் லொறி வந்ததும் ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். வழக்கமான கல்லைவிடச் சற்றுக் கருமையாக இருந்தாலும், உடைந்த முகத்தில் கரித்துணுக்கோ சாம்பல் திட்டோ தென்படவில்லை. விளிம்புகள் கூராக நின்றன. மேசனும் குறை சொல்லாமல் கட்டினார்.

இரண்டாம் லொறிக் கற்களோ விரலால் உரசினாலே உதிர்ந்தன. விசாரித்தபோது, அரிந்து ஒரு வாரமும் ஆகாதவற்றை ஏற்றிவிட்டதாக ஒப்புக்கொண்டு, மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் இத்தவறு நடந்திருக்கவே கூடாது. சாம்பல் கலந்த கல் தொடக்கத்தில் மெதுவாகத்தான் வலுப்பெறும் என்பதால், சாதாரணக் கல்லைவிட அதிக நாட்கள் நனைத்து வைக்க வேண்டும். 28 நாட்கள் முற்றாத கல்லை நான் இனி ஏற்கமாட்டேன்.

விலையில் சிறிதளவே மிச்சம். அதற்காக அல்லாமல், சீமெந்துச் சூளைகள் வெளியிடும் கரியமிலவாயுவைக் குறைக்கவும், ஆலையோரம் குவியும் சாம்பலுக்குப் பயன் காணவும் இதை வாங்குவது தகும். பிரிப்புச் சுவருக்கும் மதிலுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பாரம் தாங்கும் சுவருக்கு என்றால், சீமெந்துக் கற்களுக்கான இலங்கைத் தர நியமமான எஸ்எல்எஸ் 855 இன்படி செய்த வலிமைச் சோதனை அறிக்கையைக் கையில் வாங்கிய பிறகே முற்பணம் கொடுங்கள்.