ஆர்கன் மரம்: ஊர்ப் பெயரா, தாவரவியல் பெயரா?

தென்மேற்கு மொரோக்கோவில், அகாதிர் நகரைச் சுற்றியுள்ள சூஸ் பகுதியில், ஒரு முள் மரம் வளர்கிறது. அதற்கு இரண்டு பெயர்கள்.

முதலாவது 'ஆர்கன்'. அந்த மண்ணின் பெர்பர் மொழியான தஷெல்ஹீத் தந்த சொல் இது. பிரெஞ்சுக்காரர்கள் வால் ஒட்டி 'ஆர்கானியே' என்றார்கள்; ஸ்பானிஷில் 'ஆர்கான்'. நடுவில் வரும் 'க'வை மெல்லொலியாக, 'கங்கை'யின் முதல் எழுத்தைப் போலச் சொல்ல வேண்டும். அரபியில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. தமிழிலும் இல்லையே! ஆனாலும் எந்த மொழிக்குப் போனாலும் சொல்லின் உடல் மாறவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இரண்டாவது, 1753-இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த 'சிடராக்சிலான் ஸ்பைனோசம்'. கிரேக்கத்தில் 'சிடரோஸ்' இரும்பு, 'சைலான்' கட்டை. லத்தீனில் 'ஸ்பைனோசம்' முள் நிறைந்தது. சரி, மரத்தின் குணத்தைச் சொல்லும் பெயர்தான். ஆனால் கொட்டையை உடைத்து எண்ணெய் எடுக்கும் பெண்களின் வாழ்க்கை இதில் இல்லை. பிற்பாடு தாவரவியலாளர்களே பெர்பர் சொல்லிலிருந்து 'ஆர்கானியா' என்ற பேரினப் பெயரை உருவாக்கினார்கள். இப்போது பலர் மறுபடி லின்னேயஸ் பெயருக்கே திரும்பிவிட்டார்கள்.

நம் இலுப்பையும் இதே சப்போட்டா குடும்பம்தான், அதுவும் எண்ணெய் விதை தருவது. அதை 'மதூகா லாங்கிஃபோலியா' என்று கூப்பிட நமக்கு மனம் வருமா? என் ஓட்டு ஆர்கனுக்குத்தான்.