தலையோடு மீன் வைக்கும் ஓ.டி. மெஸ்

கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய ஊரில் (ஓல்டு டவுன்), மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில், சந்துக்குள் ஒரு மீன் மெஸ் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் ஐஸ் பெட்டி, உள்ளே நான்கு பெஞ்சு, ஒரே ஒரு ஃபேன். அந்த ஃபேனும் கல்லாப் பக்கம்தான் திரும்பியிருக்கும். கரண்டி பிடிப்பது, கணக்குப் பார்ப்பது எல்லாம் ஒரே அக்கா.

சாப்பாடு 90 ரூபாய். நான் போன சனிக்கிழமை கத்தாழைக் குழம்பு. புளி கொஞ்சம் தூக்கல், ஆனால் குழம்பு கெட்டி. சுறாப் புட்டில் உப்பு அதிகம், இது மூன்றாவது முறை, சொல்லியும் மாறவில்லை. கை கழுவும் குழாயில் தண்ணீர் சொட்டும், அவ்வளவுதான். இத்தனைக்கும் நான் அங்கே போவது எருமை நாக்குக்காக.

எருமை நாக்கு தெரியாதவர்களுக்கு: நாக்கு மீன் போலத் தட்டையானது, ஆனால் தடிமன், வாய் பெரிது, பல் கூர். அக்கா முழு மீனையும் குறுக்கே கீறி, பூண்டும் மிளகும் அரைத்த மசாலா தடவி, இரும்புத் தவாவில் போடுவார். கறுப்புப் பக்கம் மொறுமொறுப்பாகவும் வெள்ளைப் பக்கம் பூப்போலவும் வரும். மற்ற கடைகளில் தலையை வெட்டித் துண்டு போட்டுவிடுவார்கள். இங்கே தலையோடு தட்டுக்கு வரும். 30 வருடம் பிளஸ் டூவுக்கு விலங்கியல் நடத்தியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

அன்றைக்கு மச்சானையும் கூட்டிப் போயிருந்தேன். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவர். நானும் ஆராதனைக்குத் தவறாமல் போகிறவன்தான், ஆனால் பரிணாமம் என்று வந்தால் இருவருக்கும் ஆகாது. தட்டை மீன்களுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கும். தட்டு வந்ததும் அதை வைத்தே ஆரம்பித்தார். “ஐந்தாம் நாள் மீனைப் படைச்சார் மாமா, படைச்சபடியேதான் இருக்கு. ஒரு கண்ணு கொஞ்சங்கொஞ்சமா அந்தப் பக்கம் போச்சுன்னு சொல்றீங்க. பாதி வழியில நிக்கிற கண்ணால மீனுக்கு என்ன பிரயோஜனம்?”

கேள்வி நல்ல கேள்வி. 1871-ல் மிவார்ட் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் டார்வினை மடக்கியதே இதை வைத்துத்தான். அடுத்த ஆண்டே தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஆறாம் பதிப்பில் டார்வின் பதில் சொன்னார். ஆனால் குஞ்சு மீன் கண்ணை மேலே திருப்பித் திருப்பிப் பார்த்த பழக்கம் வாரிசுக்கும் இறங்கியது என்கிற மாதிரி எழுதினார். அது இன்றைக்கு நிற்காது. மச்சானிடம் அதையும் மறைக்கவில்லை.

அப்புறம் ஒரு சாதாரண நாக்கு மீனும் வறுக்கச் சொல்லி, இரண்டு தலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நாக்கு மீனில் இரண்டு கண்ணும் இடப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, முதுகுத் துடுப்பு மூக்கு வரை ஓடுகிறது. எருமை நாக்கில் ஒரு கண் உச்சந்தலை விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது, துடுப்பு அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அக்கா எட்டிப் பார்த்து, “சார், நாக்கு மீனுக்குக் கண்ணு எப்பவும் ஒரே பக்கந்தான். இதுக்கு ஒண்ணுல வலது பக்கம் இருக்கும், ஒண்ணுல இடது பக்கம் இருக்கும்” என்றார். பாடப் புத்தகம் சொல்வதும் அதுதான். மீனைக் கழுவிக் கழுவியே தெரிந்துகொண்டிருக்கிறார்.

உடனே இதுதான் நாக்கு மீனின் பாட்டன் என்று நினைத்துவிடக் கூடாது. எருமை நாக்கு இன்றைய மீன். பழைய சாட்சி இத்தாலியில், போல்கா மலைக் கல்லில் கிடைத்தது, சுமார் 5 கோடி வருடப் பழசு. அருங்காட்சியகங்களில் கிடந்த அந்தப் புதைபடிவங்களை மாட் ஃப்ரீட்மன் என்ற புதைபடிவ ஆய்வாளர் ஆராய்ந்து 2008-ல் எழுதினார். வளர்ந்த மீன்தான், ஆனால் ஒரு கண் மேலே ஏறியிருக்கிறது, உச்சியைத் தாண்டவில்லை. பாதி வழிக் கண்ணோடும் மீன் பிழைத்து, வளர்ந்து, பெரிதாகியிருக்கிறது. இன்றைக்கும் தட்டை மீன் குஞ்சுகள் பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் பொரிகின்றன, வளர வளரத்தான் ஒன்று ஏறி வருகிறது.

மச்சான் விடவில்லை. “அழிஞ்சே போச்சுன்னு சொன்ன சீலகாந்த் மீன் 1938-ல தென்னாப்பிரிக்காவுல மாறாம அப்படியே வலையில வந்துச்சே?” வந்ததுதான். ஆனால் வந்தது கல்லில் கிடந்த அதே மீன் அல்ல, பேரினமே வேறு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் சாட்சியின் மேல் கண்ணைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு கூடுதல் செய்தி அவருக்குப் பிடித்திருந்தது. இந்த மீனின் அறிவியல் பெயர் செட்டோடஸ் எருமெய். 1801-ல் பெர்லினில் அச்சான நூலில், தரங்கம்பாடி மீனாக ஏறிய நம் ஊர்ப் பெயர். அன்றைக்குக் குழம்பில் கிடந்த கத்தாழையின் பேரினமோ ஜானியஸ், தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பிவைத்த மிஷனரி ஜானின் பெயர்.

எருமை நாக்கு முழுசு 280 ரூபாய், இருவருக்குத் தாராளம். ஒரு மணிக்குள் போய்விடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது, அப்போது எருமை நாக்கை எதிர்பார்க்க வேண்டாம். தலை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், கூட்ட நேரத்தில் நறுக்கிப் பூனைக்குப் போட்டுவிடுகிறார்கள்.