பில்லோடு ஏமாற்றினால் பரவாயில்லையாம்

மெல்பர்னிலிருந்து மூன்று வருஷம் கழித்து கிருஷ்ணகிரிக்குப் போய் வந்தேன். மாம்பழ சீசன் பார்த்துத்தான் டிக்கெட்டே போட்டது. பெங்களூரில் இறங்கி, ஓசூர் தாண்டி வரும்போது ரோட்டோரம் வரிசையாகப் பழக்கடை, எனக்குக் கை நிற்கவில்லை. டிரைவர் தம்பி "ஊருக்குள்ள வாங்கிக்கலாம் சார்" என்று முனகினார், நான் கேட்டால்தானே. அல்போன்சா கிலோ 150 சொன்னார்கள், பேசி 120-க்கு நாலு கிலோ வாங்கி, ஜெயித்துவிட்ட நினைப்பில் வீடு வந்தேன். அறுத்தால் வெளியே மஞ்சள், கொட்டையைச் சுற்றி வெள்ளை, வாயில் வைக்க முடியாத புளிப்பு. கல் வைத்துப் பழுக்க வைத்தது. கார்பைடு கல்லுக்கு 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை இருக்கிறது, எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு பயன்படுத்தலாம். வீட்டுத் தராசில் வைத்தால் மூணரை கிலோவுக்கும் குறைவு.

அக்கா சிரித்தாள். "அவனுக்கு என்னடா, நீ என்ன நாளைக்குத் திரும்பி வந்து சண்டை போடப் போறியா?" அதுதான் விஷயம். ஹைவேயில் போகிறவன் ஒருமுறை வாங்குபவன், அவனிடம் பெயர் கெட்டாலும் நாளைக்கு வேறு கார் வரும்.

பஸ் ஸ்டாண்டில் 20 ரூபாய் அச்சடித்த தண்ணீர் பாட்டில் 25. கேட்டால் கூலிங் சார்ஜாம். அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம், நம்ம ஊரில் எடை, விலை விவகாரம் எல்லாம் தொழிலாளர் துறைதான் பார்க்கிறது என்று நான் சட்டம் பேசிக்கொண்டிருக்க, பின்னால் நின்றவர் 25 கொடுத்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அம்மா எப்போதோ மாறிவிட்டார், வெளியே கிளம்பினால் பையில் வீட்டுத் தண்ணீர்.

நகைக்கடைக் கதைதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அக்கா மகளுக்கு ஒரு சவரனில் செயின். கடை பெயர் வேண்டாம், எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். சேதாரம் 14 சதவீதம் என்றார்கள். நான் செயினில் இருக்கும் ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணை, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியாகப் பொறிக்கும் ஹால்மார்க் எண்ணை, போனில் அரசின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தேன், 2023 ஏப்ரலிலிருந்து அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. எண் சரியாகத்தான் இருந்தது, நகையில் குறை இல்லை. ஆனால் நான் ஆப்பைத் திறந்ததுமே முதலாளி முகம் மாறி, "நம்ம பிள்ளைக்குத்தானே, 9 போட்டுக்கலாம்" என்றார். அங்கேதான் அக்கா எழுந்தாள். குறைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியதுதானே? இல்லை. "9-க்கு முடியும்னா என் கல்யாணத்துக்கு எவ்வளவு போட்டிருப்பாரு?" இருபது வருஷக் கணக்கு அந்த ஒரு நிமிஷத்தில் கசந்துவிட்டது. நேராகப் பெரிய ஷோரூமுக்குப் போய், அங்கே 12 சதவீதம் கொடுத்து வாங்கினாள். அதிகம்தானே என்று கேட்டேன். "இவங்களும் ஏமாத்துவாங்கடா, ஆனா பில்லோட ஏமாத்துவாங்க."

இதே அக்காவும் அம்மாவும் தெருமுனை மளிகைக் கடையை மட்டும் விடுவதில்லை. அந்த அண்ணாச்சி தராசில் கை வைப்பார் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் கொரோனா சமயத்தில் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு அரிசி பருப்பு வீட்டுக்கே அனுப்பியவர் அவர்தான், அம்மாவால் அதை மறக்க முடியாது. அதனால் அம்மா ஒரு வழி வைத்திருக்கிறார்: எடை போட்டு வாங்கும் துவரம்பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் வேறு கடையில், அண்ணாச்சியிடம் சோப்பு, டீத்தூள், பிஸ்கட் என்று பாக்கெட் சாமான் மட்டும். மெல்பர்னில் அலமாரியிலேயே நூறு கிராம் என்ன விலை என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து நான் மழுங்கிப்போய்விட்டேன். அம்மாவின் மூளை கடைக்குக் கடை கணக்குப் போடுகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாந்தோட்டத்துக்குப் போனோம். வயசானவர், நீங்கள் கேட்கும் முன்னாலேயே கத்தியை எடுத்து ஒரு செந்தூராவை அறுத்து நீட்டுகிறார். "கல்லு இல்லைன்னு வாயால சொன்னா எவனும் நம்பறதில்ல தம்பி, தினம் ரெண்டு கிலோ இப்படி அறுத்தே போவுது." கொட்டை வரை ஒரே நிறம், அப்படி ஒரு இனிப்பு. அவர் சொன்ன விலைக்கே, பேரம் பேசாமல், ஐந்து கிலோ வாங்கி வந்தேன்.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மா அத்தனை பழத்தையும் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்.